பாப்பா, உன் வண்டிக்குப் பின் டோர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

புதுப் பிக்கப்புக்குப் பின் டோர் எந்த மாதிரி போடலாம் என்று நேற்று போனில் நீ கேட்டபோது "உனக்கு எது சௌகரியமோ அதைப் போடும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு மனசு கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷம் லோடு வண்டி வைத்திருந்தவன், இரண்டு விதமான டோரிலும் அடிபட்டவன், பெற்ற பெண் கேட்கும்போது அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு.

முதலில் என் முடிவு. உன் பிக்கப்புக்குப் பக்கவாட்டில் திறக்கிற டோர் போடு, ஆனால் ஒற்றைக் கதவாக வேண்டாம், நடுவில் பிரிகிற இரட்டைக் கதவாகப் போடு. என் வண்டியில் இன்றைக்கும் கீழே விழுகிற டோர்தான் இருக்கிறது, அடியில் கீல், திறந்தால் இரண்டு பக்கச் சங்கிலியில் கிடையாக நிற்கும், அதை மாற்றவும் மாட்டேன். அப்பா ஒன்றை வைத்துக்கொண்டு எனக்கு இன்னொன்றைச் சொல்கிறாரே என்று நினைக்காதே, காரணம் இருக்கிறது.

திருக்காட்டுப்பள்ளியில் என் லோடு முக்கால்வாசி வாழைத்தார். கொல்லையிலிருந்து தோளில் தூக்கி வருகிறவர் தாரைக் கீழே போடாமல், விழுந்திருக்கிற டோரின் மேல் சாய்த்து வைப்பார், மேலே நிற்கிறவர் சருகு போட்ட இடத்துக்கு இழுத்துக்கொள்வார். ஒன்றரை அடிப் பலகை அங்கே ஒரு திண்ணை மாதிரி. தார் அடிபடாது, பழம் கறுக்காது. அதற்கு அந்த டோரை விட நல்லது எதுவும் இல்லை.

உன் லோடு வேறே. தென்னங்கன்று, உரித்த தேங்காய், நார்த்தூள் மூட்டை. கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் திரும்ப நட்டவர்களுக்குக் கன்று கொடுத்துத்தான் உன் நாற்றங்காலே வளர்ந்தது. கன்று ஏற்றுவது யார்? நீயும், உன்னிடம் வேலைக்கு வருகிற நாலு பெண்களும். விழுந்த டோருக்கு இந்தப் பக்கம் நின்று கையை நீட்டினால் முதல் ஒன்றரை அடி டோருக்கே போய்விடும், அதற்கு அப்பால்தான் வண்டியின் தரை. கையை நீட்டி முதுகை வளைத்து, அந்த நிலையில் இருபது கிலோ பையை இழுக்க வேண்டும். ஒரு தடவை என்றால் சரி, ஒரு லோடுக்கு இருநூறு தடவை என்றால்? எனக்கு இடுப்பு எலும்பு நகர்ந்தது அப்படித்தான், டாக்டர் சொன்னதை நீயும் கூட இருந்து கேட்டாய். பக்கவாட்டில் திறந்தால் வயிறு வண்டித் தரையின் விளிம்பில் படுகிற அளவுக்குக் கிட்டே நிற்கலாம். கன்றை நெஞ்சோடு அணைத்து எடுத்து அப்படியே வைத்துவிடலாம்.

இன்னொன்று, இதை உன்னிடம் நான் முழுசாகச் சொன்னதில்லை. நீ எட்டாவது படிக்கும்போது ஒரு குறுவை அறுவடையில், மழை வருகிறது என்று அவசர அவசரமாக நெல் மூட்டை ஏற்றினோம். நம் லோடுமேன் ஒருவர் அறுபது கிலோ மூட்டையோடு டோரின் இடது மூலையில் கால் வைத்தார். சங்கிலியின் கொக்கி நிமிர்ந்துவிட்டது, ஆளும் மூட்டையும் கீழே. கணுக்கால் உடைந்து ஆறு மாசம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. பணம் கொடுத்தேன், ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆள் அறுபது, மூட்டை அறுபது, மொத்தம் 120 கிலோ. சங்கிலி நேர் மேலே தொங்கவில்லை, 45 டிகிரி சாய்வாக இழுக்கிறது. சாய்வாக இழுக்கும்போது அதே எடைக்குச் சங்கிலியில் வருகிற இழுவை கூடும், 120 கிலோவுக்குச் சுமார் 170 கிலோ. மூலையில் நின்றால் அதில் பெரும்பகுதி ஒரே சங்கிலிக்கு. நாங்கள் போட்டிருந்ததோ கிணற்று வாளிக்கு மாட்டுகிற கொக்கி. விழுகிற டோர் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அதை மேடையாக நினைத்து மேலே ஏறி நிற்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது என் வண்டியில் யாரும் அதன் மேல் நிற்கக் கூடாது, சாமான் மட்டும்தான்.

சரி, அப்படியானால் ஒற்றைக் கதவு ஏன் வேண்டாம்? அதையும் நான் போட்டுப் பார்த்தவன்தான். இரண்டாவது வண்டிக்கு ஒரு பட்டறையில் அப்படிக் கட்டிக் கொடுத்தார்கள், ஆறே மாசத்தில் தொங்கிவிட்டது. தோள் கொடுத்துத் தூக்கினால்தான் தாழ்ப்பாள் சேரும். நம் வீட்டு வாசல் கதவைப் பார், உயரம் அதிகம், அகலம் குறைவு, அதனால் கீல்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. வண்டி டோர் அதற்கு நேர் எதிர். ஐந்தரை அடி அகலம், ஒன்றரை அடிகூட உயரம் இல்லை. இரண்டு கீலுக்கும் நடுவே ஒரு அடிதான் கிடைக்கும். கதவு 25 கிலோ என்றால் மேல் கீலை வெளியே இழுக்கிற விசை சுமார் 70 கிலோ, கீழ்க் கீலை அதே அளவு உள்ளே தள்ளுகிறது. இது கதவு சும்மா நிற்கும்போது. மேடு பள்ளத்தில் குதிக்கும்போது எவ்வளவு என்று நீயே யோசி. கதவை இரண்டாகப் பிரித்தால் எடையும் பாதி, நீளமும் பாதி, அதனால் ஒவ்வொரு கீலுக்கும் வருகிற இழுப்பு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பட்டறைக்காரர் இரட்டைக் கதவுக்குக் கூலி கூடக் கேட்டால் கொடுத்துவிடு, பேரம் பேசாதே.

இரட்டைக் கதவில் இன்னொரு நன்மை, திறக்க வண்டிக்குப் பின்னால் மூன்றடி இடம் இருந்தால் போதும். உன் தோப்புக்குப் போகிற வாய்க்கால் கரைப் பாதையில் அதற்கு மேல் இடம் கிடைக்காது. தேங்காய் இறக்கும்போதும் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். குவித்த காய் கதவின் மேல் சாய்ந்திருக்கும், தாழ்ப்பாளை எடுத்ததும் கதவு முகத்தை நோக்கித்தான் வரும். எந்த டோராக இருந்தாலும் நேர் எதிரே நிற்காதே, பக்கத்தில் நின்று எடு.

நடுவில் இரண்டு கதவும் சேருகிற இடத்தில் ஒரு இரும்புப் பட்டை மேலே படிகிற மாதிரி வைக்கச் சொல், இல்லாவிட்டால் நார்த்தூள் வழியெல்லாம் சிந்தும். திறந்த கதவைச் சைடு பலகையோடு மாட்ட இரண்டு பக்கமும் கொண்டி வேண்டும். உங்கள் ஊரில் கடல்காற்று, கீலில் உப்பு பிடிக்கும், மாசம் ஒரு தரம் கிரீஸ் வைக்க மறக்காதே.

மாப்பிள்ளை அனுப்பின அமெரிக்க வண்டி வீடியோவைப் பார்த்தேன். ஹோண்டா ரிட்ஜ்லைனில் ஒரே டோர் கீழேயும் விழுகிறது, பக்கத்திலும் திறக்கிறது. ராம் என்கிற கம்பெனி வண்டியில் டோரை அறுபதுக்கு நாற்பது என்று பிரித்து இரண்டு வேலையும் செய்கிறது. இது புதுசும் இல்லை, ஃபோர்டு தன் ஸ்டேஷன் வேகனில் 1966லேயே இப்படி ஒரு டோர் வைத்தது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் இருக்கிற பூட்டும் கீலும் கம்பெனி அச்சில் துல்லியமாக வந்தவை. நம் பட்டறை வெல்டிங்கில் அதைக் கொண்டு வந்தால் தார்ச்சாலை தாண்டி நாலு நாள் ஓடியதும் ஆட்டம் கொடுக்கும். அதற்குப் போகாதே.

சவுக்குக் கழி ஏற்ற விழுகிற டோர்தானே வசதி என்று மாப்பிள்ளை சொன்னார். வசதிதான், டோரைக் கிடையாக விட்டுக் கழியை நீட்டிக்கொண்டு போகிறவர்களை நானும் தினம் பார்க்கிறேன். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஏற்றின சாமான் அனுமதித்த அளவுக்கு மேல் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் இருபதாயிரம் ரூபாய், அதற்கு மேல் இறக்குகிற செலவும் நம்முடையது. பணத்தை விடு. இருட்டில் பின்னால் பைக்கில் வருகிற பிள்ளைக்கு அந்தக் கழி தெரியாது. டோர் முழுசாகத் தொங்கினால் நம்பர் பிளேட்டையும் பின் விளக்கையும் மறைத்துவிடுகிறது, அதுவும் ஆபத்து. நீளமான சாமான் என்றைக்காவது வந்தால் வாடகைக்கு டிராக்டர் பேசிக்கொள்.

கடைசியாக, நீங்கள் வாங்குவது கேபின் சேசிஸ்தான், அதாவது பின்னால் பாடி கட்டாத வண்டிதான் என்றால் டோரை இப்போதே முடிவு செய்துவிடு. பாடி கட்டின பிறகுதான் பதிவுக்குப் போகும், ஆர்.சி. வாங்கிய பிறகு பாடியை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பேரனைக் கதவுக் கீல் பக்கம் விடாதே, அந்த இடைவெளியில் சின்ன விரல் சுலபமாகப் போய்விடும். அம்மா அவனுக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். பட்டறையில் அளவு எடுக்கிற நாளை முன்னாடியே சொல், காலையில் தஞ்சாவூர் வந்து பட்டுக்கோட்டை பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். கொண்டி இரும்பில் இடித்துச் சத்தம் போடாமல் இருக்கச் சுற்றுவதற்குப் பழைய சைக்கிள் டியூப் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா