கபேனின் கைகள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. ஒரே நடிகரை எடுத்துக்கொண்டு ஐந்து வாரம் ஐந்து படம் போட்டு, பிள்ளைகளுக்கு நடிப்புப் பாடம் நடத்தப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம். யாரை எடுப்பது என்ற கேள்விக்கு நான் யோசிக்கவே இல்லை. பிரெஞ்சு நடிகர் ழான் கபேனை எடு. கபேன் பெரும்பாலும் கையால் நடித்தவர். செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டால் முகத்தை அப்படியே விட்டுவிடுவார். மிச்சத்தை அந்த வேலை பார்த்துக்கொள்ளும். நடிப்புப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் சொல்ல வேண்டிய அளவுக்கு மட்டும் அவர் வரலாறு: 1904 மே 17 அன்று பாரிஸில் பிறந்தார். இயற்பெயர் ழான் அலெக்சி மோன்கோர்ழே. பெற்றோர் இருவரும் மேடைப் பாடகர்கள். ‘கபேன்’ அப்பாவின் மேடைப்பெயர். வளர்ந்தது பாரிசுக்கு வடக்கே மெரியேல் என்ற சிற்றூரில், ரயில் பாதைக்குப் பக்கத்தில். பையனுக்கு மேடை பிடிக்கவில்லை, எஞ்சின் ஓட்டத்தான் ஆசை. சிமெண்ட் வேலையும் பட்டறை வேலையும் பார்த்த பிறகு, அப்பாதான் ஃபோலி பெர்ஷேர் அரங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1928இல் மூலன் ரூழ் அரங்கில் ஆடினார், பாடினார். 1930இல் பேசும் படத்துக்கு வந்தார். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்ற அவருடைய தாளக்கணக்கு அந்தப் பாட்டு மேடையில் படிந்தது.

முதல் வாரம் ‘லா பேத் யூமேன்’, மனிதமிருகம், 1938. எழுத்தாளர் எமில் சோலாவின் நாவல், ழான் ரெனுவார் இயக்கம். லெ ஆவ்ர் போகும் ரயிலின் ஓட்டுநர் லாந்தியேயாகக் கபேன். தொடக்கம் அடுப்பின் நெருப்பிலிருந்து. அதன் பிறகு சில நிமிடங்களுக்கு வசனமே கிடையாது. எஞ்சின் இரைச்சலில் பேசினாலும் கேட்காது என்பதால் ஓட்டுநரும் கரி போடுகிறவரும் கைச்சைகையிலேயே பேசிக்கொள்கிறார்கள். திரையைப் பின்னால் ஓடவிட்டு ஸ்டூடியோவில் எடுத்த காட்சியல்ல இது. ஓடுகிற எஞ்சினில் கேமராவை ஏற்றி, விளக்குக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரைப் பின்னால் ஒரு திறந்த வண்டியில் கட்டி இழுத்துப்போனார்கள். கபேன் எஞ்சின் ஓட்டவே கற்றுக்கொண்டார். கடைசியில் லாந்தியே குதிக்கும் இடம் மட்டும்தான் ஸ்டூடியோ. ஒலியைக் குறைத்துவிட்டு இந்தத் தொடக்கத்தை இரண்டு தரம் போடு. கண்ணாடியைச் சரிசெய்வது, வெளியே தலையை நீட்டிப் பாதை பார்ப்பது, கைப்பிடியைத் தொடுவது எதுவும் ‘இதோ செய்கிறேன் பார்’ என்று இருக்காது. லெ ஆவ்ர் வந்ததும், சக்கர அச்சைத் தாங்கும் பெட்டி சூடேறிவிட்டது என்று தெரிகிறது. பழுது பார்க்கும்வரை அவர் அங்கே தங்கியாக வேண்டும், கதையே அதனால்தான் நகர்கிறது. அதைச் சொல்லும் குரலைக் கவனிக்கச் சொல். சலிப்பும் இல்லை, நாடகமும் இல்லை. வண்டிக்காரன் மாட்டுக்குக் கால் நோகிறது என்று சொல்லும் குரல் அது.

இரண்டாவது, மார்செல் கார்னேயின் ‘லெ ழூர் ஸெ லேவ்’, விடிகிறது, 1939. மணல் பீய்ச்சி இரும்பைச் சுத்தம் செய்யும் தொழிலாளி பிரான்சுவா ஒருவனைச் சுட்டுவிட்டு, உயரமான கட்டடத்தின் மேல்மாடி அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறான். கீழே போலீஸ். அந்த ஒற்றைக் கட்டடத்தைக் கலை இயக்குநர் அலெக்சாந்தர் த்ரோனெர் ஸ்டூடியோவில் எழுப்பினார். கபேன் கையில் இருப்பது சிகரெட். தீக்குச்சி தீர்ந்துவிட்டது, ஒன்றின் நெருப்பில்தான் அடுத்ததைப் பற்றவைக்க வேண்டும், விட்டால் அணைந்துவிடும். அவனுக்கு மீதியிருக்கும் நேரத்தை அந்தச் சிறு நெருப்பே காட்டிவிடுகிறது, தனியாக வசனம் வேண்டாம். ஜன்னலில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தும் இடமும் வரும். கபேன் படம் என்றாலே இப்படி ஒரு வெடிப்பை மக்கள் எதிர்பார்த்த காலம். உன் பிள்ளைகள் அதைத்தான் முதலில் காப்பியடிப்பார்கள், கட்டாயம் சொதப்புவார்கள். அதற்கு முன்னால் அவர் எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்று கடிகாரம் வைத்துப் பார்க்கச் சொல். பிரதி தேடும்போது ஒன்று: 2014இல் சீரமைத்ததையே வாங்கு. போர்க்காலத் தணிக்கை வெட்டிய பகுதிகள் அதில் திரும்பச் சேர்ந்திருக்கின்றன.

ரெனுவாரின் ‘லா கிராந்த் இல்யூஸியோன்’ எங்கே என்று கேட்பாய். மகத்தான படம், சந்தேகமில்லை. ஆனால் அதில் நாலு பெரிய நடிகர்கள் பந்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். உன் பாடத்துக்குக் கவனம் சிதறும். விருப்பமுள்ளவர்கள் வீட்டில் பார்க்கட்டும். அதில் கபேன் போட்டிருக்கும் விமானி உடுப்பு ரெனுவாருடையது, முதல் உலகப் போரில் அவரே விமானி.

மூன்றாவது படத்துக்கு முன் நடுவில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 1941இல் அமெரிக்கா போனார். ஹாலிவுட்டில் இரண்டு படம், இரண்டும் அவருக்குப் பொருந்தவில்லை. பிறகு ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்ட சுதந்திர பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தார். அங்கிருந்து தளபதி லெக்லேர்க்கின் இரண்டாவது கவசப் பிரிவில் டாங்கித் தலைவர். வண்டியின் பெயர் ‘சூஃப்லேர் 2’. திரும்பி வந்தபோது தலை நரைத்திருந்தது. 1946இல் நடிகை மார்லீன் டீட்ரிச்சோடு நடித்த ‘மார்தேன் ரூமாஞ்ஞாக்’ எடுபடவில்லை. அடுத்த எட்டு வருடம் சறுக்கல். 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கியும் மக்கள் கூட்டம் திரும்பவில்லை. காரணம் அவர் திறமையில் இல்லை என்றே நான் நினைக்கிறேன். போருக்கு முன் அவர் ஏற்றதெல்லாம் காதலுக்காக அழிந்துபோகும் இளம் தொழிலாளி வேடம். நாற்பது தாண்டிய நரைத்தலைக்கு அந்தச் சட்டை பற்றவில்லை, புதுச் சட்டையை யாரும் தைத்துத் தரவுமில்லை.

தைத்துத் தந்தவர் இயக்குநர் ழாக் பெக்கெர். ‘தூஷே பா ஓ கிரிஸ்பி’, 1954. உனக்கு இரண்டு வகுப்பு ஒதுக்க முடிந்தால் இதற்கு ஒதுக்கு. தங்கம் கொள்ளையடித்த மாக்ஸ் என்ற வயதான ரவுடி, எதிராளிகளுக்குப் பயந்து நண்பன் ரித்தோனைத் தன் ரகசிய வீட்டுக்குக் கூட்டிவருகிறான். இந்த இடத்தில் வேறு படமாக இருந்தால் துப்பாக்கியைத் துடைப்பார்கள். மாக்ஸ் ஒயின் புட்டியைத் திறக்கிறான், ரஸ்க்கில் இறைச்சிப் பசையைத் தடவுகிறான், இருவரும் மொறுமொறுவென்று சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டபடியே, நமக்கு வயதாகிவிட்டது, கண்ணுக்குக் கீழே பையைப் பார் என்கிறான். அப்புறம் அலமாரியிலிருந்து படுக்கை விரிப்பு, துண்டு, பைஜாமா எடுத்துக் கொடுக்கிறான். பல் துலக்குகிறார்கள். கேமரா அவசரமே படாமல் எல்லாவற்றையும் பார்க்கிறது. இளமைக் கபேன் செத்து, அடுத்த இருபது வருடக் கபேன் பிறந்த இடம் அதுதான். அதே வருடம் வெனிசில் மறுபடி பரிசு. கூட்டமும் திரும்பி வந்தது. பிற்பாடு பெரிய நடிகரான லினோ வெந்துராவுக்கு இதுதான் முதல் படம். மல்யுத்தக்காரராக இருந்தவர்.

இதற்கு ஒரு பயிற்சி: ஆளுக்கு மூன்று ரஸ்க், கொஞ்சம் வெண்ணெய், ஒரு கத்தி, ஐந்து வரி வசனம். வெண்ணெய் தடவிக்கொண்டே சொல்ல வேண்டும். வசனத்தில் உணர்ச்சியை ஏற்றினால் விரல் இறுகி ரஸ்க் உடையும். தடவுவதிலேயே கண்ணாக இருந்தால் வசனம் செத்துப்போகும். வெண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் எப்படியும் உடையும், அதனால் முன்கூட்டியே வெளியே எடுத்து வை. மூன்றும் முழுசாக இருந்து, பேச்சும் பேச்சாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

நான்காவது, ‘லா த்ராவெர்ஸே து பாரி’, 1956. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம். கள்ளச்சந்தைப் பன்றி இறைச்சியைப் பெட்டிகளில் அடைத்து இரவோடு இரவாகப் பாரிசைக் கடக்க வேண்டும். அதைச் சுமக்க வந்தவர்களில் ஒருவர் கபேன். நிலவறையில் அவர் தன் கூலியை உயர்த்திக் கேட்டுக்கொண்டே போய், ‘ழாம்பியே!’ என்று முதலாளி பெயரைச் சொல்லிக் கத்தும் காட்சியைத் தனியாக எடுத்துப் போடு. சத்தம் வெளியே கேட்டால் எல்லோரும் மாட்டுவார்கள், அதனால் ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு விலை இருக்கிறது. மணல் தொழிலாளி ஜன்னலில் கத்தியதோடு ஒப்பிட்டால், அங்கே கோபம் அவனை ஆண்டது, இங்கே அவர் கோபத்தை ஆள்கிறார் என்பது புரியும்.

1950களின் நடுவிலிருந்து அவருக்கு மிஷேல் ஒதியார் வசனம் எழுதிய படங்கள் நிறைய. பாரிஸ் தெருமொழி, சப்டைட்டிலில் பாதி உதிர்ந்துவிடும். அதனால்தான் அவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

கடைசி வாரம் ‘லெ ஷா’, பூனை, 1971. கூட சிமோன் சிஞ்ஞோரே. சுற்றியுள்ள வீடுகளையெல்லாம் இடித்துக்கொண்டிருக்கும் தெருவில், ஒருவரோடொருவர் பேசாத கிழத் தம்பதி. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி, சின்னதாக மடித்து, மனைவி பக்கம் விரலால் சுண்டிவிடுகிறார். ஒரு கல்யாணத்தில் மிஞ்சியது முழுவதும் அந்த விரல் சுண்டுதலில் இருக்கிறது. பெர்லின் திரைப்பட விழாவில் இருவருக்குமே வெள்ளிக்கரடி விருது கிடைத்தது.

1976 நவம்பர் 15 அன்று இறந்தார். கடற்படையில் இருந்தவர் என்பதால் அஸ்தியைக் கடற்படைக் கப்பலில் கொண்டுபோய் பிரெஸ்த் அருகே கடலில் கரைத்தார்கள். அதை ஐந்தாவது வாரம் சொன்னால் போதும்.

ரஸ்க் எத்தனை உடைந்தது என்று எழுது.

அன்புடன்,
சேது