ஊரில் எடுத்த ரத்தத்தின் முடிவு ஊருக்கு வர வேண்டும்: சிவகங்கை ஆட்சித் தலைவருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
உடன் கையொப்பமிட்டுள்ள ஊர் மக்கள்,
சாக்கோட்டை ஒன்றியம், காரைக்குடி வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: கிராமங்களில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் முடிவை, ரத்தம் கொடுத்தவருக்கும் ஊருக்கும் தெரிவிக்க உத்தரவிடக் கோருதல், உழைப்பாளிகளின் சிறுநீரகம், தோல், நுரையீரல் பற்றி ஊர் மக்களையும் சேர்த்துக்கொண்டு ஆய்வு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இந்தப் பகுதியின் துணை சுகாதார நிலையத்தில் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசி, பிரசவம், காசநோய் மாத்திரை, கருத்தடை ஆலோசனை என்று எல்லாவற்றுக்கும் இந்த ஊர்த் தெருக்களில் நடந்திருக்கிறேன். என் பெயரை விட "நர்சம்மா" என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை நம்பி ஊர் செய்த ஒரு காரியத்துக்கு நான் இன்னும் பதில் சொல்ல முடியாமல் இருக்கிறேன். அதனால்தான் இந்த மனு.

நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில், வெளியூர் நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் ஆய்வுக் குழு எங்கள் பகுதிக்கு வந்தது. முதல் நாள் அவர்களை யாரும் வீட்டுக்குள் விடவில்லை. "எதுக்கு ரத்தம்? எங்க கொண்டு போறாக?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் என்னைக் கூடப் போகச் சொன்னார்கள். நான் போனேன். அதன் பிறகு ஒரு வீடும் மறுக்கவில்லை. கையெழுத்து வாங்கிய படிவம் நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். எனக்குப் புரிந்ததை நான் சொன்னேன், அவர்கள் பெருவிரல் வைத்தார்கள். "முடிவு ஒரு மாதத்தில் வந்துவிடும்" என்று குழுவினர் என்னிடம் சொன்னார்கள். அதையே நான் வீடு வீடாகச் சொன்னேன்.

முடிவு வரவே இல்லை. கொடுத்துவிட்டுப் போன தொலைபேசி எண் ஆறு மாதத்தில் உபயோகத்தில் இல்லை என்றது. நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

அன்று ரத்தமும் சிறுநீரும் கொடுத்தவர்களில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் உண்டு. அப்போது அவருக்கு 44 வயது. இரண்டு ஆண்டு கழித்துக் கால் வீங்கி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகி, மதுரைக்குக் கொண்டு போனார்கள். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டார்: "ஏன் நர்சம்மா, அன்னைக்கு ரத்தம் எடுத்துட்டுப் போனாகளே, அதுல இது தெரிஞ்சிருக்காதா?"

ஐயா, அவருடைய ரத்தத்தில் அன்று என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் சரியாகக்கூட இருந்திருக்கலாம். சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கிறார்களே, அது சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதான பிறகுதான் பல பேருக்கு ஏறவே ஆரம்பிக்கும். ஆனால் சிறுநீரில் புரதம் போவது அதற்கு முன்பே தெரிந்துவிடுவதுண்டு. அப்போதே கண்டுபிடித்தால் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்து, வலி மாத்திரையை நிறுத்தி, சிறுநீரகம் செயலிழப்பதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும். அந்த வாய்ப்பு அவருக்கு இருந்ததா இல்லையா என்பது எங்கோ ஒரு கணினியில் ஒரு எண்ணாகக் கிடக்கிறது. அது யாருடைய ரத்தமோ அவருக்குத்தான் அது தெரியவில்லை.

அந்தக் குழுவின் மேல் புகார் கொடுக்க நான் வரவில்லை. அதனால்தான் பெயர் எழுதவில்லை. ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்கிறவளும் இல்லை. காசநோய்க்கு மருந்து கொடுத்த ஒவ்வொரு நாளும் ஆராய்ச்சியின் பலனைத்தான் நான் கையில் எடுத்துக் கொடுத்தேன். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது: நோயாளி சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்துத்தான் ஆக வேண்டுமா, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் குணமாகாதா? சென்னையின் நெருக்கமான குடிசை வீடுகளில், சரியான சாப்பாடுகூட இல்லாத ஏழை நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் அந்த முடிவு வெளிவந்து உலகம் முழுக்கச் சிகிச்சை முறையே மாறியது. காரைக்குடியில் ஒருவர் இன்று தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அது அந்த ஏழைகள் கொடுத்தது. அவர்கள் கொடுத்தது திரும்பி வந்தது. எங்கள் ஊர் கொடுத்ததும் திரும்பி வர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இது புதிதாக நான் கேட்கிற சலுகையும் அல்ல. மனிதர்களை உட்படுத்தும் மருத்துவ ஆய்வுகளுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில், ஒப்புதல் அவரவருக்குப் புரியும் மொழியில் பெறப்பட வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி இருக்க வேண்டும், எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம், ஆய்வின் பலன் அந்தச் சமூகத்துக்கும் சேர வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அன்று சாட்சியாக நின்றவள் நான். ஆய்வுக்கு ஆள் சேர்த்தவளும் நானே. அது எப்படி நடுநிலை ஆகும் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது.

தாங்கள் மாவட்ட நலவாழ்வு சங்கத்தின் தலைவராகவும் இருக்கிறீர்கள். ஆகவே இந்த மாவட்டத்துக் கிராமங்களில் ரத்தமோ சிறுநீரோ எடுத்து ஆய்வு செய்ய வருகிற எவரும், அரசு நிறுவனமானாலும் தனியார் ஆனாலும், வேலை தொடங்கும் முன்பே முடிவை எப்படி, எந்தத் தேதிக்குள் திருப்பித் தருவோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஆரம்ப சுகாதார நிலையமும் செவிலியரும் அவர்களுக்கு உதவ வேண்டும் என்று உத்தரவிடக் கோருகிறேன். அவரவர் முடிவு அவரவர் கையில் மூடிய உறையில் வர வேண்டும், தமிழில் இரண்டு வரி விளக்கத்தோடு. ஆபத்தான அளவு ஏதும் தெரிந்தால் அன்றே தகவல் சொல்லி, எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஊரின் மொத்த நிலவரத்தைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யச் சொல்லுங்கள்: பெயரோ தெருவோ வாசிக்கக் கூடாது. ஆயிரம் பேர் உள்ள ஊரில் "கீழத்தெருவில் மூன்று பேருக்கு" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். பெண் கேட்டு வருகிற வீட்டில் அது பேச்சாகும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, எங்கள் ஊரை எண்ணுகிற விதம். செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பு தாங்கள் அறிந்ததுதான். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், கல்யாணத்துக்கும் கோவில் படைப்புக்கும் வருகிறார்கள். கணக்கெடுக்க வருகிறவர் முகப்பில் தொங்கும் பூட்டைப் பார்த்து "வீடு பூட்டியிருந்தது" என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். பின்கட்டில் ஒரு குடும்பம் காவலுக்கு இருக்கிறது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், ஒரு அப்பத்தா. அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. போலியோ சொட்டு மருந்து நாளில் நான் எப்போதும் பின்வாசல் தெருவையும் ஒரு சுற்று வருவேன். ஒவ்வொரு முறையும் விட்டுப்போன குழந்தை ஒன்றாவது கிடைக்கும். ஆய்வுக் குழுவுக்கு இதைச் சொன்னேன். அவர்களுடைய பட்டியலில் கதவு எண் ஒன்றுதான் இருந்தது.

நேரமும் அப்படித்தான். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வந்தால் வீட்டில் இருப்பது வயதானவர்கள் மட்டுமே. உழைக்கிற உடம்பு ஒன்றும் அந்த நேரத்தில் அகப்படாது. திருப்பூரில் இருக்கும் பையன்கள் காரைக்குடி முத்துமாரியம்மன் கோவில் மாசி-பங்குனித் திருவிழாவுக்கு வருவார்கள், அப்போது வந்தால் பார்க்கலாம். "தொழில்" என்ற கட்டத்தில் பெண்கள் எல்லோருக்கும் "இல்லத்தரசி" என்று போட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் பட்டறையிலும் நூறு நாள் வேலையிலும் பலகாரக் கடை அடுப்பிலும் நிற்பவர்கள். "குடிநீர்" என்ற கட்டத்தில் ஒரே ஒரு டிக். இங்கே அறுபது வயதுக்காரர் ஒருவர் சின்ன வயதில் ஊருணித் தண்ணீர் குடித்தார், பிறகு போர்த் தண்ணீர், பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர், இப்போது கேன் தண்ணீர். இதில் எதற்கு டிக் போடுவது? தண்ணீருக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பு உண்டா என்று தேட வருகிறவர்கள் இந்த ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடிப்பார்கள்?

ஆகவே எங்கள் பெண்களின் வேலையைத் தெரிந்துகொண்டு தொடங்கும் ஓர் ஆய்வு வேண்டும். ஆத்தங்குடி டைல்ஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணி, காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். பூ மாதிரி வருகிறது. அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். விரல் இடுக்கில் வெடிப்பு, புண், நகம் சொத்தை. ஈர சிமென்ட்டின் காரமும் அதில் உள்ள குரோமியமும் தோலைப் பிடித்தால் சிலருக்கு அந்த ஒவ்வாமை ஆயுளுக்கும் போகாது. மணல் தூசி நுரையீரலில் படிவது பல ஆண்டு கழித்துத்தான் இருமலாகத் தெரியும். பட்டறையில் முகமூடி கிடையாது. கையுறை போட்டால் வண்ணம் ஊற்ற வராது என்கிறார்கள். அதுவும் உண்மைதான். மெல்லிய கையுறை, தடவும் களிம்பு, வேலை முடிந்ததும் கழுவ நல்ல தண்ணீர், இவற்றில் எது பலன் தருகிறது என்று ஒரு வருடம் பார்த்துச் சொன்னாலே போதும்.

சிறுநீரகத்துக்கு வருகிறேன். ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத உழைப்பாளிகளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவதை மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். வெயிலில் நீர் வற்றும்படி உழைப்பது, தண்ணீர், பூச்சிமருந்து, வலி மாத்திரை எனப் பல காரணங்களைப் பேசுகிறார்கள். எங்கள் வெயிலும் குறைந்த வெயில் அல்ல. அதோடு, வேலை இடத்தில் ஒதுங்க மறைவு இல்லை என்பதால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இடுப்பு வலிக்கு மெடிக்கல் கடையில் நான்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார்கள். இந்த இரண்டையும் எந்தக் கேள்வித்தாளும் கேட்கவில்லை. கேட்டாலும் அந்நிய ஆண் ஒருவர் கேட்டால் சொல்ல மாட்டார்கள். உள்ளூர்ப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்துக் கேட்க வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். யார் வீட்டில் என்ன மாத்திரை இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பெட்டி தூக்க மட்டும் வைக்காமல், என்ன கேட்பது என்று முடிவு செய்யும் இடத்திலும் உட்கார வைக்க வேண்டும். அதற்கு உரிய ஊதியமும் தர வேண்டும்.

இதைச் செய்ய ஆள் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012 முதல் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதன் சமூக மருத்துவத் துறை இந்த ஊர்களைத் தன் களமாக எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலி மாவட்டம் கல்லூரில் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்த்து மாதிரி ஊரக சுகாதார ஆராய்ச்சி அலகு ஒன்று இயங்குகிறது. அது போன்ற ஒன்றை எங்கள் பகுதிக்கும் தருமாறு அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். ஆராய்ச்சிக்குக் கொடுப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. நாங்கள் சிக்ரி என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1948-ல் இங்கே அடிக்கல் நாட்டினார்கள். கட்டடத்துக்கு ஊரில் இடம் கேட்டால் இன்றும் கிடைக்கும்.

இன்னொரு சின்ன வேண்டுகோள். துணை சுகாதார நிலையங்களில் கிடக்கும் பழைய தாய் சேய் நலப் பதிவேடுகளைக் கழிவு என்று போட்டுவிட வேண்டாம். யாருக்கு எந்தப் பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறியது, எந்தக் குழந்தை எடை குறைந்து பிறந்தது என்று கையால் எழுதியிருக்கிறோம். கர்ப்பத்தில் அழுத்தம் ஏறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் சிறுநீரகக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். அந்தப் பெண்களை இன்று தேடிப் போய்ப் பார்க்க எங்கள் பதிவேடே போதும். கரையான் அரிப்பதற்குள் எடுத்துக் கணினியில் ஏற்றினால் நல்லது. எழுத்து புரியாவிட்டால் நான் வந்து வாசித்துக் கொடுக்கிறேன்.

முன்பு ரத்தம் கொடுத்தவர்களின் முடிவு இன்னும் எங்காவது இருக்குமானால், அதைக் கேட்டுப் பெற்றுத் தரவும் வேண்டுகிறேன். குழுவின் பெயர், வந்த மாதம், நான் வைத்திருக்கும் வீட்டுப் பட்டியல் எல்லாவற்றையும் தனி உறையில் தங்களிடம் நேரில் தருகிறேன். மீண்டும் ஓர் ஆய்வு வந்தால் நானே கூட நடந்து கதவைத் தட்டத் தயார். ஆனால் என்றைக்குள் முடிவு வரும் என்று எழுதிய தாள் ஒன்று அப்போது என் கையில் இருக்க வேண்டும்.

இணைப்பில் உள்ள கையொப்பங்களில் முதலாவது, மேலே சொன்ன டைல்ஸ் பட்டறைப் பெண்ணுடையது. தங்களை நேரில் பார்த்துப் பேச ஆசைப்படுகிறார். குறைதீர்க்கும் நாள் திங்கட்கிழமை. அவருக்கு டயாலிசிஸும் திங்கட்கிழமைதான். வேறு ஏதாவது ஒரு நாளில் பத்து நிமிடம் ஒதுக்கித் தந்தால் நான் அவரை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்
மற்றும் ஊர் மக்கள்

இடம்: காரைக்குடி

நகல்: மாவட்ட சுகாதார அலுவலர், சிவகங்கை, முதல்வர், அரசு மருத்துவக் கல்லூரி, சிவகங்கை.
இணைப்பு: ஊர் மக்கள் கையொப்பத் தாள்கள்.