தோடு துலக்கம், கண் மங்கல்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் பிந்தியதற்குச் சோம்பல் காரணமில்லை, ஒரு லென்ஸ்தான் காரணம். நீ ரொறன்ரோவில் பனி வழிக்கிற கதை எழுதியிருந்தாய். நான் இங்கே வெயிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

லென்ஸ் ஜூப்பிற்றர்-8, 50 மிமீ, எஃப் 2. எஃப் என்றால் வெளிச்சம் புகும் துவாரத்தின் அளவு: எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும், துலங்கும் ஆழம் குறையும். கொழும்பில் ஒருவரிடம் பழசாக வாங்கினேன். தொடரிலக்கம் 61 என்று தொடங்குகிறது, அதாவது 1961இல் செய்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அண்ணன். சோவியத் சாமான் என்றாலும் வம்சம் ஜெர்மன்: 1930களில் பெர்ட்டலே என்ற நிபுணர் வடிவமைத்த, சைஸ் கம்பனியின் 'சொன்னார்' என்ற லென்ஸ்தான் போருக்குப் பிறகு ரஷ்யாவில் பெயர் மாறிப் பிறந்தது. அலுமினியம், பாரமே தெரியாது. எஃப் வளையம் 'கிளிக்' என்று எங்கும் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். கடுப்பாகத்தான் இருக்கிறது.

அப்பாவின் கனன் பி கமராவில் பூட்டினேன். இரண்டுக்கும் அதே 39 மிமீ திருகு. அந்தக் கமராவின் ஷட்டர்த் திரை உலோகம் என்பதில் எனக்கொரு நிம்மதி. துணித் திரை என்றால் மூடியில்லாமல் சூரியனைப் பார்க்க வைத்தாலே ஓட்டை விழும், எங்கள் வெயிலைச் சொல்லவா வேண்டும்?

பண்ணைப் பாலத்தடியில் வள்ளங்கள், கோட்டை மதில், எல்லாம் எஃப் 16இல் எடுத்தேன். வெளிச்சத்தைச் சட்டென்று பிடிக்கிற 400 பிலிமுக்கு மத்தியான வெயிலில் எஃப் 2ஐ நினைக்கவே முடியாது, கமராவின் உச்ச வேகமே 1/1000 செக்கன்தான். எஃப் 2க்குப் பின்னேரம் விறாந்தைக்கு வந்து, அம்மாவை ஒரு மீற்றரில் இருத்தி எடுத்தேன்.

பிலிமைக் கழுவியது வீட்டில்தான். குழாய்த் தண்ணீரே கொதிக்கிற ஊரில் மருந்தை 20 பாகைக்கு இறக்க ஐஸ் கட்டி தேடி அலைந்த கதையை நேரில் சொல்கிறேன். வள்ளங்கள் கயிறு தெரியும் அளவுக்குத் துலக்கம். அம்மாவின் கண்கள் மங்கல், காதுத் தோடு மட்டும் கல் மின்னுகிறது. "தோட்டை வடிவாய் எடுத்திருக்கிறாய்" என்றார் அம்மா.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். பேப்பரைச் சாய்த்து வைத்து, நடு வரியில் ஃபோகஸ் பண்ணி இன்னொரு ரோல் முடித்தேன். துலங்கியது நடு வரியில்லை, அதற்குப் பின்னால் உள்ள வரிகள். காரணம் கேள்: ஜெர்மன் லைக்காவின் வழிவந்த கமராக்களில் தூரம் அளக்கும் கருவி, 50 என்று பேர் போட்ட லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 51.6 மிமீ என்று எண்ணிச் செய்தது, சோவியத்காரர் கணக்கு 52.4. தூரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு மீற்றரில் ஏறத்தாழ மூன்று சென்றிமீற்றர் பின்னுக்குப் போகிறது. எஃப் 2இல் அந்த மூன்றே போதும், துலக்கம் கண்ணை விட்டுக் காதுப் பக்கம் போக. எஃப் 8க்கு இறக்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

உள்ளே தகடு வைத்துத் திருத்தலாம்தான், ஆனால் பிறகு தூரப் படம் கெடும். எனக்கு வள்ளங்களும் வேண்டும். ஆகவே கண்ணில் ஃபோகஸ் பண்ணிவிட்டு, மூச்சை அடக்கி மூன்று சென்றிமீற்றர் பின்னுக்குச் சாய்ந்து அழுத்துகிறேன். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. ஐந்துக்கு மூன்று சரிவருகிறது.

40.5 மிமீ மஞ்சள் ஃபில்டர் அங்கே பழைய கடையில் கிடைத்தால் வாங்கி வை. முகில் படங்கள் எடுக்க வேண்டும்.

அம்மாவின் படம் இரண்டு வைத்திருக்கிறேன். இரண்டாவதில் கண் துலக்கம், தோடு மங்கல். அம்மாவுக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்