பிரதிகள் பல இருந்தும் பழுது தெரியாமல் போகலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் டர்பன் வந்திறங்கியவர்கள் முதற்கொண்டு, 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 1,52,000 ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்த குடும்பங்களில் பலவும், கோயில் சபைகளும், கையிலுள்ள பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து கணினியில் சேர்த்து வருகின்றன. மிகவும் வேண்டிய பணி இது. ஆனால், கோப்புகளை இரண்டு மூன்று ஹார்டு டிஸ்க்குகளில் ஒத்திசைத்து வைத்துவிட்டாலே போதும் என்று பலர் நம்பியிருப்பது எனக்குக் கவலை தருகிறது.

கோப்பு கெடுவது எப்போதும் வெளியே தெரிவதில்லை. டிஸ்க் நாட்பட்டு நலிந்தாலோ, கணினியின் நினைவகத்தில் பழுது இருந்தாலோ, கோப்பின் பெயரும் அளவும் தேதியும் அப்படியே இருக்க, உள்ளே ஒரே ஒரு பிட் (கணினித் தரவின் மிகச்சிறிய கூறு) மட்டும் மாறிவிடக்கூடும். கப்பல் பட்டியலில் தொழிலாளர் எண், தந்தை பெயர், மாவட்டம், ஊர் எல்லாம் வரிசையாக இருக்கும். அதைத் தட்டெழுதி வைத்த கோப்பில் ஒரு பிட் புரண்டால் 0 என்ற இலக்கம் 1 ஆகலாம், ஒருவருடைய எண் வேறொருவருடையதாகிவிடும். சுருக்கப்பட்ட படக்கோப்பாக இருந்தால் அந்த இடத்திலிருந்து படத்தின் பாதியே குலைந்துபோகலாம்.

இதை ஒத்திசைவு மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்காது. 1996இல் வெளிவந்து இன்றும் பரவலாகப் பயன்படும் ‘ஆர்சிங்க்’ வழக்கமாகக் கோப்பின் அளவையும், கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் மட்டுமே ஒப்பிடுகிறது. உள்ளடக்கத்தையே ஒப்பிடும்படி அதற்குக் கட்டளையிடலாம். அப்போது இரு பிரதிகளும் வேறுபடுகின்றன என்று அதற்குத் தெரியும். எது சரியானது என்று தெரியாது. அனுப்பும் பக்கத்தில் இருப்பதே சரி என்று கொண்டு, அங்குள்ளது கெட்டிருந்தால் அந்தக் கெட்ட கோப்பை நல்ல கோப்பின்மேல் எழுதிவிடும். எனக்கு மிகவும் அச்சம் தருவது இதுவே, ஏனென்றால் கவனமாக இருக்க நினைப்பவர்தாம் இதில் மாட்டிக்கொள்வர்.

எது சரி என்பதைத் தீர்க்க, ஸ்கேன் செய்த அன்றே படத்தைத் திறந்து பார்த்து உறுதிசெய்தபின் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறி) கணக்கிட்டுத் தனியே எழுதி வைக்க வேண்டும். எஸ்.எச்.ஏ.-256 என்னும் செக்சம் முறையில் கோப்பு எவ்வளவு பெரிதாயினும் விடை 64 எழுத்துகளே. உள்ளே ஒரு பிட் மாறினாலும் அந்த 64 எழுத்துகளில் பெரும்பாலானவை வேறாகிவிடும். பழைய எம்.டி.5 முறையும் தற்செயலான பழுதைக் கண்டுபிடிக்கப் போதுமானது. வேண்டுமென்றே செய்யப்படும் மோசடியை அது தடுக்காது. ஒவ்வொரு ஒத்திசைவுக்கும் முன் செக்சத்தை மீண்டும் கணக்கிட வேண்டும். தேதி மாறாமல் செக்சம் மட்டும் மாறியிருந்தால், யாரும் திருத்தாமலே கோப்பு கெட்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். உடனே ஒத்திசைவை நிறுத்தி, பதிந்து வைத்த செக்சத்தோடு பொருந்தும் பிரதி எந்த டிஸ்க்கில் உள்ளதோ அதிலிருந்து மீட்க வேண்டும். செக்சம் பழுதைக் காட்டுமே தவிரச் சரிசெய்யாது. ஆகவே வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருந்தே தீர வேண்டும்.

இதற்குப் பணம் செலவில்லை. விண்டோஸிலும் லினக்ஸிலும் இதற்கான கட்டளைகள் ஏற்கெனவே உள்ளன. அவற்றை எப்படித் தட்டெழுதுவது, வரும் விடையை எங்கே சேமிப்பது என்பதை எளிய தமிழில் தங்கள் நாளிதழ் ஒரு பக்கமாக வெளியிட்டால், கோயில் சபைகளின் செயலாளர்கள் அதைக் கத்தரித்துக் கணினிக்கு அருகிலேயே ஒட்டி வைத்துக்கொள்ளலாம். ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டர்பன், தென்னாப்பிரிக்கா