மஞ்சள் தடவினால் தேதி தள்ளிப் போகுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ் வீட்டுக் குறிப்புகள் பக்கத்தில் ஒரு வாசகி, பாக்கெட் சிக்கனுக்குத் தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, மோந்து பார்த்து வாடை இல்லையென்றால் மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் போட்டுக் கழுவி நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம் என்று எழுதியிருந்தார். நீங்களும் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். காசு கொடுத்து வாங்கிய கறியைக் குப்பையில் கொட்ட யாருக்கும் மனசு வராது, எனக்கும்தான். ஆனால் யாராவது அதை நம்பிச் செய்துவிடப் போகிறார்களே என்று பயமாக இருக்கிறது.

ஏனென்றால் தேதி தாண்டாத கறியிலேயே நாங்கள் பட்டுவிட்டோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் அரைக் கிலோ சிக்கன் இருந்தது. கரண்ட் வந்ததும் அது மறுபடி கல்லு மாதிரி இறுகிவிட்டது, தேதியைப் பார்த்தால் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, வாடையும் இல்லை, சரி என்று ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிட்டேன். ராத்திரிக்குள் மாமியார், பையன், நான் மூன்று பேருக்கும் வாந்தி, பேதி. பெரியவள் கறி தொடமாட்டாள், அவள்தான் எங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே ‘புயலில் உங்க ஏரியாவில் கரண்ட் போயிருந்ததா?’ என்பதுதான்.

அப்போதுதான் புரிந்தது, அந்தத் தேதி சும்மா கொடுத்த தேதி இல்லை. சாதாரணப் பாக்கெட் என்றால் 4 டிகிரிக்குள், உறைந்த பாக்கெட் என்றால் மைனஸ் 18 டிகிரியில் விடாமல் வைத்திருந்தால்தான் அது செல்லும். கரண்ட் போனால், திறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள். அதற்கு மேல் பாக்கெட்டில் எந்தத் தேதி இருந்து என்ன? டெலிவரி பையன் வெயிலில் கொண்டுவந்த நேரம், ராத்திரி கடைக்காரர் ஃப்ரீசரை அணைத்துவிட்டுப் போன நேரம், இதெல்லாம் பாக்கெட்டில் அச்சாவதில்லை. நம் ஊரில் தேதிக்கு முன்னாலேயே சந்தேகப்பட வேண்டியிருக்க, தேதி போன பிறகு இரண்டு நாள் என்று யார் கணக்குச் சொல்வது?

மோந்து பார்ப்பதையும் நம்ப முடியாது. நாற்றத்தைக் கிளப்பும் கிருமி பெரும்பாலும் வேறு, நம்மைப் படுக்க வைக்கிற சால்மோனெல்லா மாதிரியான கிருமி வேறு. இது இருந்தால் வாடையே தெரியாமல் இருக்கலாம். வேகவைத்தால் கிருமி சாகும், உண்மைதான், ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்று ஒன்று உண்டு, அது விட்டுப்போகும் நச்சு குழம்பு கொதித்தாலும் போகாது. மஞ்சள் மேலே ஒட்டுமே தவிர உள்ளே போய் வேலை செய்யாது. குழாயடியில் கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி மேல்தான் விழுகிறது. (கழுவாமல் சமைக்க நமக்கு மனசு ஒப்பாது, அது வேறு கதை.)

‘பாட்டி காலத்தில் தேதியா பார்த்தாங்க?’ என்று என் மாமியாரே கேட்டார். பாட்டி காலையில் அறுத்த கறியை மதியத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிடுவார், மிஞ்சினால் உப்பும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம். அதில் காப்பாற்றுவது உப்பும், ஈரம் வற்றிப்போவதும்தான். மூன்று நாள் பிளாஸ்டிக்குக்குள் ஈரமாகக் கிடந்த கறிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நான் எல்லாத் தேதிக்கும் பயப்படுகிறவள் இல்லை. ‘பெஸ்ட் பிஃபோர்’ தாண்டிய பிஸ்கட்டை மொறுமொறுப்பு இருந்தால் இன்னும் தின்கிறேன், அது ருசிக்கான தேதி. ‘யூஸ் பை’, ‘எக்ஸ்பைரி’ என்று போட்டிருப்பது பாதுகாப்புக்கான தேதி. 2020 லேபிள் விதிகளில் இதைத்தான் கட்டாயமாக்கினார்கள், பெஸ்ட் பிஃபோரைக் கம்பெனி விரும்பினால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். கறியை வீணாக்காமல் இருக்க வேண்டுமா, தேதி முடிவதற்குள் ஃப்ரீசரில் போடுங்கள், மாதக்கணக்கில் இருக்கும். இளக்கும்போது மேடையில் வைக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, மறுநாளே சமைத்துவிடுங்கள்.

அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள் ஐயா. கடைசிப் பக்க மூலையில் வேண்டாம், அதே பக்கத்தில், அதே கட்டத்துக்குள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை