போக்கருக்குக் கையில் இரண்டு சீட்டுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்லைன் சூதாட்டத் தடையைப் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரை, "இனி ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும்" என்று முடிகிறது. ரொம்ப சந்தோஷம். எழுதியவர் ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்து யார் தூங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போகட்டும், காபி தருகிறேன்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன். 2019லிருந்து போனில் போக்கர் ஆடினேன். ஜெயிக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதுவதே தொழிலாக இருந்தும் சொந்தக் கணக்கைப் பார்க்க மூன்று வருஷம் ஆனது, அதற்குள் நாலேகால் லட்சம் போயிருந்தது. மனைவியின் வளையல் இரண்டும் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. 2020 நவம்பரில் மாநில அரசு ஒரு தடை போட்டது, அடுத்த ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நடுவில் அந்த மாதங்களிலும் போனில் ஊரை மாற்றிக் காட்டி ஆடிக்கொண்டுதான் இருந்தேன்.

என்னை நிறுத்தியது தடை இல்லை சார். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு கொண்டுவந்த விதிகள்தான். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட முடியாது, ஆதார் இல்லாமல் கணக்கு இல்லை, ஒரு மணி நேரம் தாண்டினால் அரை மணிக்கொரு எச்சரிக்கை, நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவுதான் போடுவேன் என்று வரம்பு. கம்பெனிகள் வழக்குப் போட்டன, ஜூனில் உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. விட்டதைப் பிடிக்கும் வெறி வருவது பன்னிரண்டு மணிக்கு மேல்தான், ஆடினவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் டேபிள் மூடியிருந்தால் கோபத்தோடாவது படுத்துத் தூங்கிவிடலாம். சில மாதம் தூங்கினேன்.

அப்புறம் ஆகஸ்டில் மத்திய அரசின் தடைச் சட்டம். 20ஆம் தேதி மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, காசு வைத்தால் எல்லாம் தடை. அந்த வாரமே இங்குள்ள கம்பெனிகள் காசு ஆட்டத்தை நிறுத்தின. என் மச்சானுக்கு டெலிகிராமில் ஒரு லிங்க் வந்தது. எந்த நாட்டு ஆப் என்று தெரியாது, ஆதார் கேட்காது, விடிய விடிய ஆடலாம். ரூ.38,000 ஜெயித்தான், எடுக்கப் போனால் கணக்கே காணோம். போலீசுக்குப் போகப் பயம், தன்னையே உள்ளே வைத்துவிடுவார்களோ என்று. அந்தச் சட்டத்தில் ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை, நடத்துகிறவனுக்குத்தான் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று உங்கள் இரண்டு பக்கக் கட்டுரையில் ஒரு வரி இருந்திருந்தால் போயிருப்பான்.

என் அப்பா லாட்டரிப் பைத்தியம். 2003ல் தடை வந்ததும் பெட்டிக்கடை மறைவில் மூணு நம்பர் சீட்டுக்கு மாறினார். அந்தச் சீட்டு விற்றவர் கைது என்று இன்றைக்கும் செய்தி வருகிறது, நீங்களும்தான் போடுகிறீர்கள்.

வரிக்கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2023 அக்டோபரிலிருந்து ஆடப் போடும் காசு முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி. அதை வாங்கும்போது எங்கள் குடும்பத் தூக்கம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. 2025 ஆகஸ்டில் தடை, செப்டம்பரில் அதே காசு ஆட்டத்துக்கு வரி 40 சதவீதம்! தடை செய்த சரக்குக்கு வரி ஏற்றும் வித்தையை எந்தக் கணக்கில் எழுதுவது?

உங்கள் பின்னட்டையில் ஐபிஎல் சமயத்தில் வாரா வாரம் ரம்மி விளம்பரம் வந்ததே, அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எச்சரிக்கையோடு? 2022ல் அதைக் கண்டித்து எழுதினேன் (ஆடிக்கொண்டேதான், அது வேறு விஷயம்). விளம்பரம் பற்றிய வரிகளை வெட்டிவிட்டு, உங்கள் தொடர்கதையைப் பாராட்டிய பத்தியை மட்டும் போட்டீர்கள். இந்த முறை தொடர்கதையைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

கேட்பது இரண்டே விஷயம். அந்தப் பின்னட்டையின் ஒரு மூலையில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐப் போடுங்கள், இலவசம்தான், நான் பேசியிருக்கிறேன். இன்னொன்று, போக்கர் என்று தலைப்பு வைத்துப் பதின்மூன்று சீட்டு விரித்த கையைப் படமாகப் போட்டிருக்கிறீர்கள். அது ரம்மி. பரவலாக ஆடும் போக்கரில் கையில் இரண்டு, நடுவில் ஐந்து. திருத்தம் போடவும்.

பெயர் வேண்டாம், என் முதலாளியும் உங்கள் வாசகர்தான்.

ஒரு வாசகன்,
ஈரோடு