பதிவேட்டின் கடைசிக் கட்டம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாயா? பவள விழா எப்படி நடந்தது என்று நீ மூன்று முறை கேட்டுவிட்டாய். ஒவ்வொரு முறையும் "நல்லா நடந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். 75-ஆம் ஆண்டு முழுவதும் நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை. இன்று விடுமுறை, வீட்டில் சத்தம் இல்லை. அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் நீ ஆவலாகக் கேட்ட ரிலே. பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் நம் பெண்கள் 4x100 மீட்டரில் இரண்டாம் இடம். உடற்கல்வி ஆசிரியர் இரண்டு மாதம் அவர்களை வேகமாக ஓடச் சொல்லவே இல்லை, பேட்டன் மாற்றுவதை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். கைமாறும் பகுதி 30 மீட்டர். அதற்கு வெளியே மாறினால் அணியே நீக்கம். நீ ஓடிய காலத்தில் அது 20 மீட்டர்தான், நினைவிருக்கிறதா? கடைசியாக ஓடிய பெண் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே ஓடத் தொடங்கியபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பேட்டன் கைக்கு வந்தது. அப்புறம் நான் கத்திய கத்தலில் இரண்டு நாள் பாடம் நடத்தக் குரல் இல்லை.

மரக்கன்று நட்டோம், ஓவியப் போட்டி வைத்தோம், நாடகம் போட்டோம். எல்லாம் நன்றாகவே நடந்தன.

நிழல் அளந்த கதையில் உனக்கும் பங்கு உண்டு. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக வரும் சம இரவு நாளன்று நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நிழலை அளந்து அனுப்பச் சொன்னேனே, அது அறிவியல் கண்காட்சிக்காகத்தான். 2,200 ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்துப் போட்ட அதே கணக்கு. இரண்டு ஊர்களிலும் வெயில் விழுந்த கோணத்தில் அவருக்குக் கிடைத்த வித்தியாசம் 7.2 டிகிரி, அதாவது வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு. ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை 50-ஆல் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொல்லிவிட்டார்.

இங்கே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்தார்கள். நுனி கூர்மையாக விழாது, மங்கிப் பரவித்தான் விழும். புள்ளியை எங்கே வைப்பது என்று பெரிய வாக்குவாதம். கடைசியில் இருப்பதிலேயே குட்டையான நிழலுக்கு 21 சென்டிமீட்டர் என்று எழுதினார்கள். நீ அனுப்பியது 119. இரண்டு நிழல்களிலிருந்தும் கணக்கிட்ட வெயில் கோணங்களுக்கு வித்தியாசம் சுமார் 38.1 டிகிரி. வரைபடத்தில் வடக்கு தெற்காக அளந்த தூரம் 4,300 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சுற்றளவு 40,630 கிலோமீட்டர் வந்தது. துருவங்கள் வழியாக உண்மையான சுற்றளவு 40,008.

ஒரு பெண் உடனே கணக்குப் போட்டுப் பார்த்து, "டீச்சர், நம்ம நிழல் 20-ன்னு வெச்சா 40,050 வருது, மாத்திடலாமா?" என்றாள். கெட்டிக்காரி. வேண்டாம் என்றேன். அளந்தது 21, எழுதியதும் 21. அது எங்கே தவறியது என்று யோசித்து அதையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன். விழா மலரில் 40,630 என்றுதான் அச்சாகியிருக்கிறது, உன் 119-ம் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

சரி, இந்த ஆண்டு என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

முன்னாள் மாணவர் பட்டியலைத் தயாரிக்கும் வேலையைத் தலைமையாசிரியை என்னிடம் கொடுத்தார். அலமாரியிலிருந்து ஆறு சேர்க்கைப் பதிவேடுகளை இறக்கினோம். முதல் பதிவேட்டின் ஓரங்கள் பழுப்பேறி, தொட்டால் பொடிப் பொடியாக உதிர்ந்தன. மரக்கூழில் செய்த காகிதத்தில் இருக்கும் அமிலம் காலப்போக்கில் அதையே தின்றுவிடுகிறது. அதனால் முதலில் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். கையுறையில் தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியவில்லை, கிழியப் பார்த்தது. கழற்றச் சொல்லிவிட்டேன். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் புரட்டுவதுதான் நல்லது.

பதிவேட்டில் சேர்க்கை எண், பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசிக் கட்டம், நீங்கிய காரணம். 'தேர்ச்சி பெற்று நீங்கினார்' என்று இருப்பவர்களை மட்டும் எடுத்து எழுதினால் போதும் என்று குழுவில் சொல்லியிருந்தார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன். ஐந்தாம் பதிவேட்டில் ஒரு பக்கத்தில் என் கையெழுத்து. 'நீண்ட நாள் வராமை. இடைநின்றார்.'

யார் என்று உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள். உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜியோமெட்ரிப் பெட்டி. காம்பஸ் உன்னிடம் இருக்கும், பாகைமானி அவளிடம் இருக்கும். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் வரவில்லை. நான்தான் வகுப்பாசிரியை. இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டேன், பதில் இல்லை. அப்புறம் அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். நேரில் போயிருக்க வேண்டும், போகவில்லை. இதை உன்னிடம் இதற்கு முன் நான் சொன்னதில்லை.

அன்று பட்டியல் வேலையை அதோடு நிறுத்திவிட்டு முதல் பதிவேட்டிலிருந்து கடைசிக் கட்டத்தை மட்டும் படித்துக்கொண்டு வந்தேன். வீட்டு வேலை, உடல்நலக் குறைவு, திருமணம். சில இடங்களில் காரணமே எழுதவில்லை, கட்டம் காலியாகக் கிடந்தது. யுனெஸ்கோ 2023-ல் சொன்ன கணக்குப்படி உலகத்தில் பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளும் இளைஞர்களும் 25 கோடிப் பேர். அந்த எண்ணை நான் வகுப்பிலேயே எழுதிப் போட்டிருக்கிறேன். காலியான அந்தக் கட்டங்களைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

அடுத்த கூட்டத்தில் கேட்டேன்: ஆறாம் வகுப்போடு நின்றவரும் நம் மாணவர்தானே, அவரை ஏன் கூப்பிடக் கூடாது? சிலர் தயங்கினார்கள். பாதியில் போனவர்களைக் கூப்பிட்டால் அவர்கள் மனம் புண்படாதா என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அழைப்பிதழை அஞ்சலில் அனுப்பாமல் நேரில் போய்க் கேட்கலாம், வர விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம் என்று தலைமையாசிரியை சொன்னார். மலரில் பெயர்களைச் சேர்க்கை எண் வரிசையில் மட்டும் போடுவது, யார் முடித்தார்கள், யார் நின்றார்கள் என்று பிரிக்காமல் விடுவது என்றும் முடிவாயிற்று.

நவம்பர் 20 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையைப் பற்றிப் பேசினான். 1989-ல் அதே தேதியில்தான் அது நிறைவேறியது. 28-ஆம் பிரிவில், பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கு வரவும், இடைநிற்றல் குறையவும் அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அன்றைக்கே ஆசிரியர்கள் அறையில் ஒரு முடிவு எடுத்தோம். ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்கே போய்விட வேண்டும். போனோம். நான் மட்டும் ஏழு வீடுகளுக்குப் போனேன். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அத்தனை பேரும் ஆண்டுத் தேர்வு எழுதினார்கள். மேடையில் வாசித்த சாதனைப் பட்டியலில் இது கடைசி வரி. என்னைக் கேட்டால் ரிலே கோப்பைக்கும் முன்னால் வாசித்திருக்க வேண்டும்.

நிறைவு நாளில் பதிவேட்டுப் பக்கங்களின் படங்களைப் பெரிதாக்கி நூலக அறையில் வைத்திருந்தோம். ஏழாம் வகுப்போடு நின்ற ஒரு அம்மா, என்னைவிட வயதில் மூத்தவர், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து அதன் மேல் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "என் பேர்ல ஒரு கால் விட்டுப்போயிருக்கு டீச்சர்" என்றார். பார்த்தேன், உண்மைதான். சேர்த்த நாளில் எழுதியவர் அவசரத்தில் விட்டிருக்கிறார். இத்தனை ஆண்டும் அது அப்படியே இருந்திருக்கிறது. மலர் கடைசித் திருத்தத்துக்காக அச்சகத்தில்தான் இருந்தது. அன்று மாலையே போன் செய்து அந்தக் காலைப் போடச் சொன்னேன்.

உன் தோழியைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. அவள் வீட்டு வாசலில் நின்றபோது என்ன சொல்வது என்று தெரியவில்லை. "வந்திருக்கணும்மா, அன்னைக்கே வந்திருக்கணும்" என்றுதான் வாயில் வந்தது. அவள் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அப்பாவுக்கு அடிபட்டுப் படுத்துவிட்டாராம், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம், அவ்வளவுதான் காரணம். நான் போயிருந்தால் ஏதாவது வழி கிடைத்திருக்குமோ என்னவோ. அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை, உன்னைப் பற்றித்தான் கேட்டாள். விழாவுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திறந்தநிலைத் தேர்வு எழுத வயது வரம்பு உண்டா என்று போகும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டாள். விவரம் எல்லாம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், கணக்கு நான் சொல்லித்தருவதாகவும் பேச்சு.

அவளுடைய எண்ணை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வேலை இருக்காது என்றாள். நீயே கூப்பிடு. பாகைமானி இன்னும் தன்னிடம்தான் இருக்கிறதாம், உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அம்மா